68 ரூபாயிலிருந்து 102 வரை: மாதவரம் லாரி ஒன்றின் கணக்கும் அதை ஓட்டியவரின் உழைப்பும்

2020 மே 4ஆம் தேதி சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 68 ரூபாய் 22 காசு. 2021 நவம்பர் 3ஆம் தேதி 102 ரூபாய் 59 காசு. நடுவில் பதினெட்டு மாதம்தான். விலை ஒன்றரை மடங்காகிவிட்டது. காய்கறி விலை ஏறும், சரக்குக் கட்டணம் ஏறும் என்றெல்லாம் அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஒரு கேள்வி விட்டுப்போனதாகவே பட்டது. லிட்டருக்கு ஏறிய அந்த 34 ரூபாயைக் கடைசியில் யார் கையிலிருந்து எடுத்தார்கள்? மாதவரத்திலிருந்து கொல்கத்தாவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பன்னிரண்டு சக்கர லாரியின் டிரிப் நோட்டுகளை வைத்து அதைப் பார்க்கப் போகிறேன்.

மாதவரம், செங்குன்றம் பக்கம் சில லாரி ஓனர்களுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இந்த வண்டியின் நோட்டும் அப்படித்தான் என்னிடம் வந்தது. ஓனரிடமும் டிரைவரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். இருவர் பெயரும் இங்கே வராது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாடகைத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

வண்டியும் ஆட்களும்

ஓனருக்கு இரண்டு லாரி. இரண்டுமே பைனான்ஸில் வாங்கியவை. அவரும் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்தான். ஒன்றிரண்டு வண்டி வைத்துக்கொண்டு, மாதத் தவணையான டியூவைக் கட்டி, எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கும் இன்சூரன்ஸுக்கும் கடன் வாங்கி ஓட்டுகிறவர்கள் நாமக்கல், சங்ககிரி தொடங்கி சென்னை வரை இந்தத் தொழிலில் ஏராளம். அவரை வில்லனாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

டிரைவருக்கு நாற்பது வயதுக்கு மேல். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம். செங்குன்றத்தில் வாடகை வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கிளீனராக ஏறியவன் அவருடைய அக்கா மகன். "மாமாகூட ரெண்டு வருஷம் சுத்துனா வண்டி கத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பையன்.

போகும்போது மணலிப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் குருணை மூட்டை. திரும்பும்போது வங்காளத்தில் கிடைக்கிற ரிட்டர்ன் லோடு, பெரும்பாலும் இரும்பு. பாதை தேசிய நெடுஞ்சாலை 16: கும்மிடிப்பூண்டி, தடா, நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், இச்சாபுரம், அப்புறம் ஒடிசாவில் புவனேஸ்வர், பாலேஸ்வர், கடைசியில் கரக்பூர் தாண்டிக் கொல்கத்தா. ஒரு வழிக்கு ஏறக்குறைய 1,680 கிலோமீட்டர்.

சம்பள ஏற்பாடு இதுதான். டீசலும் டோலும் ஓனர் பொறுப்பு. டிரைவருக்கு லாரி வாடகையில் நூற்றுக்குப் பத்து. கிளீனர் சம்பளம், இருவர் சாப்பாடு எல்லாம் அந்தப் பத்துக்குள்தான். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வண்டி நின்றால் அவருக்கும் வருமானம் நின்றுவிடும்.

விலை ஏறிய விதம்

2014 அக்டோபரிலிருந்து டீசல் விலையை அரசு நேரடியாக நிர்ணயிப்பதில்லை. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலையில் விலை மாறுகிற முறை வந்தது. ஆனால் 2020இல் நடந்ததைக் கச்சா எண்ணெயை வைத்து மட்டும் விளக்க முடியாது. ஊரடங்கில் உலகம் முழுக்க எண்ணெய் விலை தரைதட்டியிருந்த நேரம் அது. அந்த மலிவு பெட்ரோல் பங்குக்கு வந்துசேரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு டீசல் மீதான வரியை 25 சதவீதத்திலிருந்து, 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றியது. மேலே சொன்ன 68 ரூபாய் 22 காசு அந்த மாற்றத்துக்குப் பிந்தைய விலை. அடுத்த சில நாளில் மத்திய அரசு கலால் வரியை டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. அப்போதைக்கு அதை எண்ணெய் நிறுவனங்கள் கச்சா எண்ணெய் மலிவில் ஈடுகட்டியதால் பங்கில் விலை அசையவில்லை. அப்புறம் கச்சா எண்ணெய் ஏறத் தொடங்கியதும் வரி அப்படியே நிற்க, விலை மேலே போனது. ஜூன் முடிவதற்குள் 77 ரூபாய். 2021 பிப்ரவரியில் 86க்கு மேல். அக்டோபரில் 100ஐத் தாண்டியது.

2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசலுக்குக் குறைக்கவில்லை. டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், அதில் கட்டிய வரியை வேறு எந்தக் கணக்கிலும் கழித்துக்கொள்ள வழியில்லை. முழுச் சுமையும் டேங்கிலேயே தங்கிவிடும்.

ஒரு டிரிப்பின் கணக்கு

முழு லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,680 கிலோமீட்டருக்கு 420 லிட்டர். 68 ரூபாய் விலையில் இது 28,560 ரூபாய். 102 ரூபாய் விலையில் 42,840. ஒரு வழிக்கு மட்டும் 14,280 ரூபாய் அதிகம்.

இந்த வண்டிக்கு 2020 தொடக்கத்தில் கொல்கத்தா வாடகை 80,000 ரூபாய். 2021 அக்டோபரில் 85,000. ஆக வாடகையில் ஏறியது 5,000, டீசலில் ஏறியது 14,280. மீதி 9,280 ரூபாய் எங்கிருந்தாவது வர வேண்டும்.

வாடகை ஏன் ஏறவில்லை என்று கேட்பது நியாயம். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. 2018 ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தினார்கள். ஓடுகிற வண்டிகளே கூடுதலாக ஏற்றலாம் என்றானபோது, சரக்கு அதே அளவு, இடம் மட்டும் பெருகியது. அது ஆறுவதற்குள் கொரோனா. 2021 மேயில் இரண்டாம் அலை ஊரடங்கில் மறுபடி பல தொழிற்சாலைகள் மூடின. மாதவரத்தில் லோடுக்காக வண்டிகள் வரிசையில் நின்றன. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தந்த தவணை அவகாசத்தில் வட்டி நிற்கவில்லை. அது அசலோடு சேர்ந்து டியூவை நீட்டிவிட்டிருந்தது. தேதி வந்தால் டியூ கட்ட வேண்டும். "சும்மா நிக்கிறதுக்கு ஓடுறது மேல்" என்று ஒருவர் குறைந்த வாடகைக்கு ஒத்துக்கொண்டால் அதுதான் அன்றைய வாடகை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு படி இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியோடு ஆண்டு ஒப்பந்தம் போடும்போது, டீசல் ஏறினால் கட்டணமும் ஏறும் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் அந்தக் கம்பெனி சொந்த வண்டியில் எல்லா லோடையும் ஏற்றுவதில்லை. புக்கிங் ஆபீஸ் வழியாக, புரோக்கர் வழியாக வெளிவண்டி பிடிக்கும். அந்த வெளிவண்டிதான் நம் வண்டி. டீசலுக்கான கூடுதல் கட்டணம் ஒப்பந்தக்காரர் வரைக்கும் வந்து நின்றுவிடும். லாரிக்கு அன்றைய மார்க்கெட் வாடகை மட்டும்தான்.

அந்த 9,280 ரூபாயைத் தேடி ஓனர் நோட்டைப் புரட்டினால் எதில் கைவைக்க முடியும்? டோலில் முடியாது, 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டாக் கட்டாயம், நல்லூர் சுங்கச்சாவடியில் தொடங்கிப் பணம் தானாகவே போகும். டியூவைத் தொட முடியாது. இந்த எடை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸே ஆண்டுக்கு 40,000 ரூபாயை ஒட்டி வரும். அதையும் தொட முடியாது. புது டயரைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிச்சம் இருப்பது கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

மைலேஜ் கணக்கு

2021 ஜனவரியில் ஓனர் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். அதுவரை எவ்வளவு டீசல் அடித்தாலும் பில் கொடுத்தால் ஓனர் கணக்கு. இனிமேல் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து அதற்குரிய டீசல் மட்டும். கூடுதலாகக் குடித்தால் டிரைவர் பங்கில் பிடித்தம், மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு. டீசல் திருட்டைத் தடுக்கப் பல ஓனர்கள் வைத்திருக்கிற முறைதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வண்டி முழு லோடில் தந்தது 3.8. திரும்பும்போது இரும்பு ஏற்றினாலும் அதேதான், எனவே வருகிற வழியில் ஈடுகட்டவும் முடியாது. 1,680 கிலோமீட்டரை 3.8ஆல் வகுத்தால் 442 லிட்டர். 22 லிட்டர் குறை. 102 ரூபாய் விலையில் அது 2,244 ரூபாய். 85,000 ரூபாய் வாடகையில் டிரைவர் பங்கு 8,500. பிடித்தம் போக 6,256. பழைய 80,000 ரூபாய் வாடகையில் அவர் 8,000 வாங்கியவர். வாடகை ஏறியும் அவருடைய பங்கு இறங்கிவிட்டது. சாப்பாடும் கிளீனர் கூலியும் இதற்குள்தான்.

அந்த 0.2 கிலோமீட்டருக்கு என்ன காரணம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தேய்ந்த டயர், காற்றுக் குறைவு, நெல்லூர்ப் பக்கம் எதிர்க்காற்று, மணலியிலிருந்து வெளியே வருவதற்குள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்கிற நேரம் எல்லாமே டீசல் குடிக்கும். இவற்றில் ஒன்றுகூட டிரைவர் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது ஆக்ஸிலேட்டர் மட்டும்.

சரி, அதைக் குறைத்தார். 60இல் போகிற இடத்தில் 50. மைலேஜ் 4க்கு வந்தது, பிடித்தமும் நின்றது. அதற்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். சாவடி, ஊர், போக்குவரத்து எல்லாம் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் கொல்கத்தாவுக்கு 42 மணி நேர ஓட்டம். சராசரி 35ஆக இறங்கினால் 48 மணி நேரம். ஆறு மணி நேரம் கூடுகிறது. ஆனால் பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், கேட்கும் நாள் கூடவில்லை. நாலாம் நாள் சரக்கு இறங்க வேண்டும். நாலு நாளில் 48 மணி நேரம் என்றால் தினமும் 12 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தபடி. டயர் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாம் மீதி நேரத்தில். 22 லிட்டர் டீசலுக்கு ஆறு மணி நேரத் தூக்கம். ஓனரின் நோட்டில் 22 லிட்டர் மிச்சம் என்று எழுதியிருக்கிறேன். ஆறு மணி நேரத்தை எழுத அதில் பத்தி இல்லை.

மெதுவாகப் போ, சீக்கிரம் போய்ச் சேர் என்று இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கமும் இந்த மாதங்களில்தான் வந்தது என்று அவரே சொன்னார். லோடு வண்டியை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? "தெரியும் தம்பி. ஆனா கண்ணு ரோட்ட பாக்காது, டீசல் முள்ளத்தான் பாக்கும்" என்றார்.

பங்கு பார்த்து டீசல் அடிப்பதும் ஒரு தனிக் கணக்கு. ஆந்திராவில் டீசல் நம்மைவிட விலை அதிகம். அதனால் கும்மிடிப்பூண்டிக்குள்ளேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, ஆந்திராவின் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சொட்டும் அடிக்காமல் தாண்டுவார்கள். ஒடிசா எல்லை வந்த பிறகுதான் அடுத்த பங்கு. இடையில் முள் இறங்கினால் வயிற்றைக் கலக்கும்.

கிளீனர் இறங்கிய பிறகு

2021 மார்ச்சில் அக்கா மகன் வண்டியை விட்டு இறங்கினான். சண்டை எதுவும் இல்லை. மாமாவால் சம்பளம் தர முடியவில்லை, அவனும் கேட்கச் சங்கடப்பட்டான். மாதவரத்தில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். கிளீனர் என்றால் கண்ணாடி துடைக்கிற பையன் என்று வெளியில் நினைப்பார்கள். தொலைதூரம் ஓடுகிற லைன் வண்டியில் அவன்தான் சமையல்காரன். நம் ஊர் வண்டிகளில் அடுப்பும் அரிசியும் எப்போதும் இருக்கும். ஓங்கோல் தாண்டி நிழல் கண்ட இடத்தில் சோறு பொங்கி ரசம் வைத்தால் இரண்டு பேருக்கும் செலவு குறைவு, வயிறும் கெடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பவன் அவன். இடது பக்கம் பைக் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவன் அவன். டயரைத் தட்டிப் பார்ப்பதும், கயிறு இறுக்குவதும், மழை வந்தால் தார்ப்பாய் மேல் ஏறுவதும் அவன் வேலை. இரவில் டிரைவர் தூங்கும்போது டீசல் டேங்கையும் ஸ்டெப்னியையும் பார்த்துக்கொள்வான். விடியற்காலையில் டிரைவருக்குக் கண் சொருகினால் பேச்சுக் கொடுத்து எழுப்புவதும் அவன்தான்.

அவன் போனதும் இத்தனை வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. சமையல் நின்று டாபா சாப்பாடு வந்தது. காசும் போனது, சர்க்கரையும் ஏறியது. வண்டியைத் தனியாக விட்டுத் தூங்க முடியாததால், டீசல் டேங்க் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துப் பாதித் தூக்கம். லிட்டர் 100 ரூபாய் ஆனதும் வழியில் டீசல் உறிஞ்சுகிறவர்களும் கூடிவிட்டார்கள் என்பது லைன் டிரைவர்கள் பலர் சொன்னது.

2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன்பு நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நடைமுறையில் பலர் கிளீனரை வைத்தே சமாளித்தார்கள் என்றாலும், ஏட்டில் இரண்டாவது ஆள் இருந்தார். திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வண்டியில் இரண்டாவது ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்க இனி விதியும் இல்லை. டீசல் ஏறியபோது அந்த இரண்டாவது இருக்கைதான் முதலில் காலியானது.

இதில் இன்னொரு நஷ்டம், உடனே கண்ணில் படாதது. நம் ஊரில் கனரக வண்டி ஓட்டப் பழகுவது பெரும்பாலும் கிளீனராக ஏறித்தான். ஓட்டுநர் பள்ளியில் உரிமத்துக்குத் தேவையானதைக் கற்றுக்கொள்ளலாம். 30 டன்னோடு மழையில் இறங்குவதை அங்கே கற்க முடியாது. டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள். கிளீனர் இறங்கிப்போன வண்டியிலிருந்து அடுத்த டிரைவர் எப்படி வருவார்?

2021 அக்டோபரில், விடியற்காலை நாலு மணி வாக்கில், ஆந்திராவில் துனி என்ற ஊருக்கு அருகே டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி இடது பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் நிறுத்தியிருந்த இன்னொரு லாரியின் பின்மூலையை உரசியது. பக்கக் கண்ணாடியும் பம்பரும் போனதோடு தப்பினார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஓனர் செலவைப் பிடித்தம் செய்யவில்லை. அன்று ஓட்டத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று நான் கேட்டேன். யோசித்துப் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

சட்டம் சொல்கிற நேரம்

அந்த நாட்களில் நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தெளிவாகவே பேசியது: நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, தொலைதூரப் பாதையில் முன் அனுமதி வாங்கினால் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் நடுவில் அரை மணி ஓய்வு. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குத்தான். இரண்டு வண்டி ஓனர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இதே நேர வரம்பைப் போக்குவரத்து வண்டி ஓட்டும் எல்லோருக்கும் விரித்தது. வரம்பு எல்லோருக்கும் உண்டு. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வருகிற ஆய்வாளர்தான் இவருக்கு இல்லை.

42 மணி நேர ஓட்டத்தை நாளுக்கு 8 மணியாகப் பிரித்தால் ஐந்து நாளைத் தாண்டும். சரக்கோடு போகிற ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்கூட 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு, இந்தத் தூரத்துக்கு ஒன்பது நாள் தருகிறது. அரசு தருவது ஒன்பது, உழைப்புச் சட்டப்படி வருவது ஆறு, பார்ட்டி கேட்பது நாலு. அந்த நாலை எந்த அதிகாரியும் விதிக்கவில்லை. வாடகை போதாததால் மாதத்துக்கு இன்னொரு டிரிப் எடுத்தால்தான் டியூ கட்ட முடியும் என்ற நிலைமையில் ஓனரும் அதற்குத் தலையாட்டிவிடுகிறார்.

காத்திருப்பு

ஓடுகிற நேரத்தை இவ்வளவு பிழிகிற இதே தொழில், நிற்கிற நேரத்தை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சாலை ஓரத்தில் வண்டிகள் நிற்கிற நீளம். கன்டெய்னர், டேங்கர், லைன் லாரி எல்லாம் ஒரே தூசியில். பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிக்குத் தடை; இரவு ஆகும்வரை புழல் பைபாஸில் ஒதுங்க வேண்டும். துறைமுகத்துக்கும் மதுரவாயலுக்கும் இடையே மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். பாதியில் நின்ற அந்தத் தூண்களைக் கூவம் ஓரமாகப் பார்த்தபடி வண்டி ஓட்டி ஒரு தலைமுறை டிரைவர்கள் வயதாகிவிட்டார்கள்.

இந்த வண்டியின் நோட்டில் லோடு ஏற்ற ஒன்றரை நாள், கொல்கத்தாவில் இறக்க இரண்டு நாள் என்று சர்வசாதாரணமாக இருக்கிறது. காத்திருப்புக்கு ஹால்ட்டிங் பணம் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். வாடகைப் பங்கில் சம்பளம் வாங்குகிற டிரைவருக்கு நிற்கிற நாள் கூலியில்லாத நாள். ஏற்றுமிடத்தில் ஒரு நாள் போனால் அந்த நாளையும் ரோட்டில்தான் பிடிக்க வேண்டும். நாலு நாள் கெடு தொடங்குவது வண்டி கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்தா, லோடு ஏறி வெளியே வந்த நேரத்திலிருந்தா என்பதை நான் பார்த்த எந்த லாரி ரசீதிலும் எழுதியிருக்கவில்லை.

விலை இறங்கியபோது

2021 நவம்பர் 3 இரவு மத்திய அரசு கலால் வரியை டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தது. மறுநாள் சென்னை விலை 91 ரூபாய் சில்லறை. ஓனர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி. அந்த வாரமே புக்கிங் ஆபீஸிலிருந்து போன்: டீசல் குறைஞ்சிருச்சே, வாடகையைக் குறைங்க. ஏறும்போது பதினெட்டு மாதத்தில் 5,000 ரூபாய் ஏறிய வாடகை, இறங்கும்போது ஒரே வாரத்தில் 3,000 இறங்கியது. கிளீனர் திரும்பி வரவில்லை. மைலேஜ் பிடித்தமும் அப்படியே தொடர்ந்தது.

2022 மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 6க்குள் மறுபடி 10 ரூபாய் ஏற்றம். சென்னையில் டீசல் 100 ரூபாய் 94 காசு. மே 21 அன்று கலால் வரி 6 ரூபாய் குறைந்து 94 ரூபாய் 24 காசுக்கு வந்தது. அதற்குள் ஓனர் இரண்டு வண்டியில் ஒன்றை விற்றுவிட்டார். விற்றது இந்த வண்டியைத்தான். டிரைவர் இப்போது எண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். லைனுக்குப் போவதில்லை. பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது என்பதில் அவருக்கு நிம்மதி. முதுகுவலியும் சர்க்கரையும் கூடவே வந்துவிட்டன.

எதை மாற்றலாம்

டீசல் வரியைக் குறை என்பது எல்லோரும் கேட்பது. 2018 ஜூலையில் நாடு முழுக்க எட்டு நாள் லாரிகள் நின்றபோதும் முதல் கோரிக்கை அதுதான். நானும் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இந்த நோட்டைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, குறைத்தாலும் அந்தப் பணம் கேபின் வரைக்கும் வராது என்பதே. நவம்பரில் 10 ரூபாய் குறைந்தது. டிரைவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூடத் திரும்பி வரவில்லை.

முதலில் வேண்டியது லாரி ரசீதில் ஒரு வரி. வாடகை பேசிய அன்றைக்குச் சென்னையில் டீசல் என்ன விலை என்று எழுத வேண்டும். இந்தப் பாதைக்கு 420 லிட்டர் என்றால், லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் வாடகையில் 420 ரூபாய் ஏறும், இறங்கினால் 420 இறங்கும். பெரிய கம்பெனி ஒப்பந்தத்தில் இருக்கிற அதே ஏற்பாடுதான். வெளிவண்டி வரைக்கும் அது இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான். அப்படி இருந்திருந்தால் 2021 அக்டோபரில் இந்த வண்டிக்கு 14,280 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். அக்கா மகனும் வண்டியிலேயே இருந்திருப்பான். இதைத் தனி ஓனர் கேட்டால் லோடு அடுத்தவருக்குப் போய்விடும். சங்கம்தான் கேட்க வேண்டும். புக்கிங் ஆபீஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே ரசீது மாதிரி வந்தால்தான் நிற்கும்.

அடுத்தது மைலேஜ். ஒரே எண்ணை எல்லா டிரிப்புக்கும் வைப்பது அநியாயம். எடை பார்த்து, டயர் பார்த்து, லோடுக்கு ஒன்று, காலி வண்டிக்கு ஒன்று என்று வைக்கலாம். நான் கணக்கு எழுதும் ஓனர்களிடம் இதைச் சொல்லிவருகிறேன்; சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஓட்டிய நேரத்தைக் கணக்கெடுக்கப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சாவடியிலும் பாஸ்டாக் நேரத்தோடு ஓனர் போனுக்குச் செய்தி அனுப்புகிறது. இப்போது அதை வைத்து "ஓங்கோல்ல ஏன் மூணு மணி நேரம்?" என்று டிரைவரைக் கேட்கிறார்கள். அதே செய்திகளை வரிசையாக வைத்தால், ஒரு ஆள் எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓட்டினார் என்பதும் தெரியும். அந்தப் பட்டியல் டிரைவர் கைக்கும் வர வேண்டும். விபத்து வழக்கில் டிரைவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்தும்போது, நாலு நாள் கெடு வைத்த பார்ட்டியின் பங்கையும் அது காட்டும்.

அப்புறம் காத்திருப்புக்குக் கூலி. வண்டி கேட்டுக்கு வந்த நேரத்தைத் தொழிற்சாலை ரசீதில் முத்திரையோடு எழுத வேண்டும். ஒரு நாளைத் தாண்டினால் ஹால்ட்டிங். அதில் டிரைவருக்கு ஒரு பங்கு தனியாக. மணலியில் நான் பேசிப் பார்த்த ஒரு கிடங்கு மேலாளர் இதற்கு ஒத்துக்கொண்டு, வருகை நேரத்தை மட்டும் ரசீதின் பின்பக்கம் எழுதித் தரத் தொடங்கியிருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் கெடு எப்போது தொடங்குகிறது என்ற வாக்குவாதத்தில் காட்டுவதற்கு டிரைவர்கள் கையில் இப்போது ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் கிடங்கிலிருந்து போகிற லோடுகளுக்கு ஐந்தாம் நாளும் சரி என்று பார்ட்டிகள் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.